பெயர்ச்சீட்டு இல்லாத செடி

முதல் வருஷம் வாங்கியது ஓசூர்ச் செடி.
முட்டைக்கோஸ் மாதிரி இதழ்மேல் இதழ்.
மொட்டு விரியுமுன்னே
ராத்திரியெல்லாம் கடல் ஊதிய ஈரத்தில்
நனைந்த பீடியாகிப் பழுத்துத்
தலையைத் தொங்கப்போட்டது.

இரண்டாம் வருஷத்ததற்கு
இலையெல்லாம் கரும்புள்ளி.
ஆடிக் கச்சான் அடித்து ஓய்ந்தபோது
ஒரு குச்சி, நாலு முள்.
ஆடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

மூன்றாம் வருஷம்
தொண்டிக்கு நாற்றுவண்டி வந்த செவ்வாய்க்கிழமை
நான் பூவைப் பற்றிப் பேசவே இல்லை.
"இலையைக் காட்டுங்க" என்றேன்.
முத்திருளாண்டி சிரித்தார்.
"மீனுன்னா செவுளத் தூக்கிப் பாக்குற ஆளு,
செடியவும் விடமாட்டீங்க போல."

விடவில்லை.
பூவரச இலைபோலத் தடித்து, எண்ணெய் பூசினாற்போல்
பனி நிற்காமல் வழுக்க வேண்டும்.
நெட்டையாய் ஒற்றைக் கம்பில் நிற்பதைக்
காற்று முதலில் பிடிக்கும்; எனக்குப் புதராய்ப் படர்வது போதும்.
இதழ் குறைந்தால் நல்லது,
விடிந்ததும் சீக்கிரம் காயும்.

இத்தனைக்கும் தேறியவை நாலு.
நாலும் ஆரஞ்சு.

ஒன்று காலையில் ஆரஞ்சு,
பத்து மணிக்கு மஞ்சள்,
மத்தியானம் துவைத்த வேட்டி.
ஒன்று அசல் கனகாம்பரம்.
அதற்குக் கனகாம்பரமே வைக்கலாமே.
ஒன்று
படகில் போட்டுக்கொள்ளும் மிதவைச் சட்டையின் நிறம்.
எதிர்வீட்டு நிக்சன்
அதைப் போட்டுக்கொள்ளாமல்தான் போனான்.
அந்தத் தொட்டியை நான் தொடவில்லை.

கடைசியாக ஒன்று, வண்டியின் மூலையில்.
பனம்பழத்தைப் பிய்த்தால்
நாரோடு வருமே, பல்லில் சிக்குமே,
அந்த நிறம். ஐந்தே இதழ்.
பெயர் கேட்டேன்.
"சீட்டு இருந்துச்சுக்கா. தேவிபட்டினம் தாண்டயில
காத்துல போயிருச்சு. அறுவது ரூவா குடுங்க."

கண்மாய்க் கரம்பையும் ஆட்டுப் புழுக்கையும்
கடற்கரை மணலோடு கலந்து
கடையின் பின்சுவரோரம் வைத்தேன்.

தண்ணீர்தான் சங்கடம்.
போர் தண்ணீரில் சோப்புகூட நுரைக்காது.
சீனி அசன் வண்டியில் வருவது
குடம் பன்னிரண்டு ரூபாய்.
வரிசையில் நிற்கிறவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே
அதைப் பூவுக்கு ஊற்ற
எனக்குக் கை வராது.

என் ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு ஏடிஎம்.
அதன் ஏசிக் குழாய் பின்பக்கம் சொட்டும்.
பணம் இல்லாத நாளிலும் சொட்டும்.
சித்திரைப் புழுக்கத்தில்
பத்துப் பக்கம் நகலெடுப்பதற்குள்
ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளுமே,
இலையில் புள்ளி வைத்ததும் அந்தக் காற்றுதான்,
குழாய்வழி சொட்டுகிறதும் அதேதான்.
எவ்வளவு புழுக்கமோ அவ்வளவு தண்ணீர்.
பழைய பெயிண்ட் வாளி வைத்தேன்.
சாயங்காலத்துக்குள் முக்கால் வாளி.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பில்லை.
ஒன்றுமே இல்லை.

மேலே ஊற்றாமல்
வேரில் மட்டும் ஊற்றினேன்.
உரசிக்கொண்ட இரண்டு கிளையில் ஒன்றை வெட்டி
நடுவே காற்றுக்கு வழி விட்டேன்.
புள்ளி வந்தது. வராமலில்லை.
வந்த இலையைக் கிள்ளி எறிய
வராத இலை வந்தது.

போன வெள்ளிக்கிழமை
ஒன்பது பூ.
ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள்
எட்டிப் பார்த்துப் பெயர் கேட்கிறார்கள்.
"காத்துக்குத்தான் தெரியும்" என்கிறேன்.
அடுத்த ஆள் யாரென்று கேட்டுக்கொண்டே.

ஐந்து இதழும் ரொம்ப நேரம் நிற்பதில்லை.
மூன்று மணிக் காற்றுக்கு உதிர்ந்துவிடும்.
நேற்று யாரோ பணமெடுக்கக் கதவைத் திறந்தபோது
ஒன்று சரேலென்று உள்ளே போய்விட்டது.
கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

இன்று காலையும் அங்கேதான் கிடக்கிறது,
அந்த ஓசூர்க் குளிரில்,
வாடாமல்,
கசங்கின ரசீதுகளுக்கு நடுவே.